மி பியாச்சே என்றால் எனக்குப் பிடிக்கும்

முதல் நாள் இத்தாலியன் வகுப்பில் டீச்சர் இரண்டிரண்டு சொல்லாகப் படித்தார். எதில் மெய் ஒற்றை, எதில் இரட்டை என்று நாங்கள் தாளில் குறிக்க வேண்டும். பாலா, பல்லா. நோனோ, நொன்னோ. காஸா, கஸ்ஸா. அர்த்தம், பிறகு தெரிந்துகொண்டது: மண்வெட்டி, பந்து, ஒன்பதாவது, தாத்தா, வீடு, கல்லாப்பெட்டி. எனக்கு இடப்பக்கம் ஒரு அமெரிக்கப் பையன், வலப்பக்கம் இசை படிக்க வந்த சீனப் பெண். இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்கிறார்கள். எனக்கோ இதில் என்ன கஷ்டம் என்றே புரியவில்லை. பலியும் பல்லியும் நமக்கு ஒன்றா? கனியும் கன்னியும் ஒன்றா? இருபதுக்கு இருபது. அர்த்தம் ஒன்றுகூடத் தெரியாமல் வாங்கிய மார்க் அது.

திருச்சியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது பரிமாற்ற மாணவியாக ஒரு செமஸ்டர், செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, இத்தாலியின் பெரூஜாவில் இருந்தேன். உம்பிரியா மாநிலத்தின் தலைநகரம், மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர். மொழி படித்த இடத்தின் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘பரதேசிகளுக்கான பல்கலைக்கழகம்’ என்று வரும். 1921இல் வகுப்புகளாகத் தொடங்கி 1925இல் தனி நிறுவனமானது. பெயரைக் கேட்ட அம்மா, “உனக்கு ஏத்த இடம்தான்டி” என்றார். கல்லெங்கா மாளிகையில் வகுப்பு. வாசலில் இறங்கினால் எதிரே, ரோமர்களுக்கு முன் அங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் கட்டிய வளைவு, கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல். அதன் அடியில் நின்றுதான் நான் வினைச்சொல் மனப்பாடம் செய்வேன். வரலாறு படிக்கிறவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். வகுப்பு எட்டரை மணிக்கு, படிகள் நிறைய, மூச்சு வாங்க ஒரு இடம் வேண்டும்.

போகிறவர்களுக்கு முதலில் காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தள்ளிப்போட முடியாதது. இறங்கிய எட்டு வேலைநாட்களுக்குள் ‘பெர்மெஸ்ஸோ தி ஸொஜ்ஜோர்னோ’ எனும் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்ப உறை தபால் ஆபீஸில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் எல்லா தபால் ஆபீஸிலும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், ‘ஸ்போர்த்தெல்லோ அமீகோ’ என்று போர்டு உள்ள இடத்துக்குப் போக வேண்டும். நான் கட்டியது: ‘மார்கா தா பொல்லோ’ எனும் வரி முத்திரை வில்லை 16 யூரோ, கவுன்ட்டரில் 30, மூன்று முதல் பன்னிரண்டு மாத அனுமதிக்கு 40, அட்டை அச்சடிக்க 30.46. ஆக 116.46 யூரோ. அந்த முத்திரை வில்லையை நான் ஒரு மணி நேரம் தபால் ஆபீஸ் வரிசையில் நின்று கேட்டேன். அது விற்பது சிகரெட் கடையில். பஸ் டிக்கெட்டும் அங்கேதான். வாசலில் பெரிய ‘T’ வடிவப் பலகை தொங்கும், அதை முதல் நாளே அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைரேகை எடுக்கக் கூப்பிடும்வரை தபால் ஆபீஸ் கொடுத்த ரசீதுதான் உங்கள் உயிர். நாலு நகல் எடுத்து வையுங்கள்.

நம் பான் எண் போல அங்கே ‘கோதிச்சே ஃபிஸ்காலே’. காசு கிடையாது, வரி அலுவலகத்தில் கொடுப்பார்கள். அது இல்லாமல் சிம் வாங்குவதிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை எதுவும் நகராது. வாடகை பேசும்போது “ஸ்பேஸே இன்க்ளூஸே?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். செலவு உட்படவா என்று அர்த்தம். நான் கேட்கவில்லை. டிசம்பரில் வீட்டுக்காரர் ஹீட்டர் பில்லோடு வந்து நின்றார். ஒப்பந்தத்தில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது, என் வயிறு மட்டும் எரிந்தது.

ஹீட்டரைச் சொன்னதும் கரண்ட் ஞாபகம் வருகிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கூட இருந்த பெண் வாஷிங் மெஷினைப் போட்டிருக்கிறாள். குளியலறையில் சின்ன ஹீட்டர் ஓடுகிறது. நான் இண்டக்‌ஷன் அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றி முழு வேகத்தில் வைத்தேன். டப். வீடே இருட்டு. நம் ஊர்க்காரி என்ன செய்வாள்? ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கீழ் வீட்டிலும் இருந்தது. சரி, ஒரு ஃபேஸ் போயிருக்கும், வந்துவிடும் என்று மெழுகுவர்த்தி தேடிப் பிடித்து ஏற்றி வைத்து உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம். இட்லி மாவு தட்டில் அப்படியே கிடக்கிறது. குளியலறையிலிருந்து தலைநிறைய சோப்போடு வந்தவள், “எ ஸல்தாத்தா லா லூச்சே!” என்று கத்தினாள். நேர் அர்த்தம் ‘விளக்கு குதித்துவிட்டது’. இத்தாலியில் வீட்டு மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். அதைத் தாண்டினால் மீட்டர் தானே துண்டித்துக்கொள்ளும். யாரும் வந்து போட மாட்டார்கள். தரைத்தளத்தில் மீட்டர் வரிசையில் உங்கள் வீட்டு மீட்டரைக் கண்டுபிடித்து, விழுந்திருக்கும் சுவிட்சை நீங்களே மேலே தூக்க வேண்டும். எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. அதற்கப்புறம் துவைக்கிற நாளில் இட்லி கிடையாது.

இனி மொழி. சொல்ல வந்ததே இதுதான்.

முதல் மூன்று வாரம் நான் செய்த தப்பு, எதையும் முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு இத்தாலியனுக்கு மாற்றியது. காலேஜில் பழகிய பழக்கம்: அந்நிய மொழி என்றாலே ஆங்கிலத்தின் வழியாகத்தான். அதனால் ‘இயோ பியாச்சோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ‘இயோ’ என்றால் நான். பாஸ்தா எனக்குப் பிடிக்கும் என்று சொல்வதாக நினைப்பு. கேட்பவர்களுக்கோ ‘என்னை எல்லோருக்கும் பிடிக்கும்’ என்று கேட்டிருக்கிறது. டீச்சர் பலகையில் ‘மி பியாச்சே’ என்று எழுதி, இது உங்களுக்கெல்லாம் தலைகீழாகத் தோன்றும், பிடிக்கிற பொருள்தான் இங்கே எழுவாய், உங்களுக்கு நான்காம் வேற்றுமை, பயப்படாதீர்கள் என்றார். அமெரிக்கப் பையன் தலையில் கை வைத்தான். நான் பலகையைப் பார்த்தேன். மி, எனக்கு. பியாச்சே, பிடிக்கும். இதில் எது தலைகீழ்? நாம் இப்படித்தானே பிறந்ததிலிருந்து பேசுகிறோம்!

அன்று இரவு நோட்டில் ஆங்கிலப் பத்தியை அடித்துவிட்டு இரண்டே பத்தி போட்டேன்: இத்தாலியன், தமிழ். ‘மி ஸேர்வே’ என்றால் எனக்கு வேணும். ‘மி ஸெம்ப்ரா’ என்றால் எனக்குத் தோணுது. ‘மி ஃபா மாலே லா தெஸ்தா’ என்றால் எனக்குத் தலை வலிக்குது. ‘மி வா’ என்றால் கிட்டத்தட்ட எனக்கு ஒத்துவரும், வேணும்போல இருக்கு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘நான், நான்’ என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இரண்டு மொழியிலும் தேவை, வலி, பிடித்தம் எல்லாம் நமக்கு வந்து சேருகிற விஷயங்கள். ‘மி பியாச்சே’யில் ஒரு சின்னச் சிக்கல் மட்டும் உண்டு. பிடித்தது பலவாக இருந்தால் ‘மி பியாச்சொனோ’ என்று மாற்ற வேண்டும். நமக்கு ஒன்றானாலும் நூறானாலும் பிடிக்கும்தான்.

ஒலியிலும் அப்படியே. இத்தாலியன் ‘த’ நம் த. பல்லில் நாக்கு பட வேண்டும். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் ‘ட’ போடுகிறார்கள். பழமொழி, பாட்டு எல்லாவற்றிலும் வரும் ‘ஞ’ ஒலிக்கு அமெரிக்கப் பையன் நாக்கைச் சுழற்றி ‘நிய’ என்பான். ஞாயிறு என்று சொல்லத் தெரிந்தவளுக்கு ஞொக்கி என்ன கஷ்டம், சிஞ்ஞோரா என்ன கஷ்டம்? அவர்கள் எழுத்தில் சி, ஹெச், ஐ சேர்ந்தால் ‘கி’. நம் வீரமாமுனிவரின் குடும்பப் பெயரை ஆங்கிலம் படித்தவர்கள் வேறு எப்படியெல்லாமோ வாசிப்பார்கள். தமிழில் பெஸ்கி என்று 300 வருஷமாகச் சரியாகத்தான் சொல்லி வருகிறோம். 1680இல் மாந்துவா பக்கம் பிறந்த அவர் இங்கே வந்து தமிழ் படித்தபோது நடுவில் ஆங்கிலம் ஏது?

ஆனால் தமிழ் என்னைக் காலை வாரிய இடங்களும் உண்டு. சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தேன் அல்லவா, பஸ்தா என்று ஒரு பக்கத்தில் இருந்தது. இன்னொரு பக்கத்திலும் பஸ்தா. ஒன்று சாப்பிடுகிற பாஸ்தா. இன்னொன்றின் முதல் எழுத்து பந்தயத்தில் வரும் ‘ப’ இல்லை, அன்பில் வரும் ‘ப’. அதற்கு ‘போதும்’ என்று அர்த்தம். கீழ் வீட்டு சிஞ்ஞோரா எழுபது வயதுக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிடுவார். கரண்டியோடு வந்தார். “பஸ்தா, பஸ்தா, கிராட்சியே” என்றேன், தட்டுக்கு மேலே கை வைத்து. அவர் முகம் மலர்ந்துபோய், கையை விலக்கி இன்னும் ரெண்டு கரண்டி வைத்தார். அன்றிலிருந்து அன்பின் ‘ப’ போல மென்மையாக ஒலிக்கும் க, த, ப எழுத்துக்கெல்லாம் நோட்டில் அடிக்கோடு போடும் பழக்கம் வந்தது. தமிழில் குறிப்பெடுக்கிறவர்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று பால். ‘வந்தேன்’ என்று எழுதினால் எழுதியது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அங்கே ‘களைப்பாயிருக்கு’ என்று சொன்னாலே தெரிந்துவிடும். ஆண் ‘ஸ்தாங்கோ’, பெண் ‘ஸ்தாங்கா’. பக்கத்து சீட் பையனிடமிருந்து கற்றதால் மூன்று வாரம் நான் ‘ஸ்தாங்கோ’வாகவே இருந்தேன். யாரும் திருத்தவில்லை, மரியாதை காரணமாக இருக்கலாம். மேஜைக்கும் நாற்காலிக்கும் பால் எதற்கு என்று சண்டை போட்டுப் பயனில்லை. சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், முன்னால் வரும் ‘இல்’, ‘லா’வோடு சேர்த்தே வாயில் போட்டு மெல்லுங்கள்.

நீங்கள், நீ இரண்டும் அங்கே உண்டு. மரியாதைக்கு ‘லேய்’. அதற்கு ‘அவள்’ என்றும் அர்த்தம். எதிரே நிற்கிறவரைப் படர்க்கையில் பேசுவது நமக்குப் புதிதில்லை, ‘தலைவர் அவர்களே’ என்று மேடையில் சொல்கிற ஊர்தானே. மரியாதை இல்லாத நீக்கு ‘தூ’. தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெரியவர்களைப் பார்த்து ‘தூ’ என்று சொல்ல எனக்கு வாய் வரவே வராது, அதனால் அலுவலகங்களில் நல்ல பெயர் எடுத்தேன். எதிர்ப்பக்கம்தான் அடி வாங்கினேன். வீட்டுத் தோழியின் நண்பர்களை, என் வயதுக்காரர்களை, ‘லேய்’ போட்டுப் பேசினேன். ஒரு பெண், “எனக்கென்ன அவ்வளவு வயசாயிடுச்சா?” என்று கேட்டே விட்டாள். கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர், கடைக்காரர், தலை நரைத்தவர் எல்லாருக்கும் ‘லேய்’. மாணவர்களுக்குள் முதல் நிமிஷத்திலிருந்தே ‘தூ’. கடைக்குள் நுழையும்போது நண்பர்களுக்குச் சொல்லும் ‘சாவ்’ வேண்டாம், நம் வணக்கம் போல ‘புவோன்ஜோர்னோ’ சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராகச் சாமான் கேட்டால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல தக்காளி கிடைக்காது.

தக்காளி என்றதும், சூப்பர் மார்க்கெட்டில் பழம் காய்கறியை வெறுங்கையால் தொடக்கூடாது. பிளாஸ்டிக் கையுறை சுருள் தொங்கும், போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். பிறகு நீங்களே தராசில் வைத்து, எண்ணை அழுத்தி, வருகிற ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நான் நம் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு கத்தரிக்காயாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பாட்டி “இல் குவாந்தோ, சிஞ்ஞொரீனா!” என்று போட்ட அதட்டலில் ‘கையுறை’ என்ற சொல் ஜென்மத்துக்கும் மறக்காது.

சமையலுக்கு ஒரு குறிப்பு. ரிஸோத்தோவுக்கு அவர்கள் வாங்கும் ஆர்போரியோ அரிசி குட்டை ரகம், குழையும். சாதத்துக்கு வாங்கி ஏமாறாதீர்கள். ஆனால் வெண்பொங்கலுக்கும் தயிர் சாதத்துக்கும் அதைவிட நல்ல அரிசி எனக்கு வாய்த்ததில்லை. தோல் நீக்கிய சிவப்பு மைசூர்ப் பருப்பு எல்லாக் கடையிலும் உண்டு, சாம்பார் அதில்தான். புளியும் உளுந்தும் ரயில் நிலையம் பக்கம் வங்கதேசத்துக்காரர் ஒருவர் கடையில் வாங்கினேன்.

உம்பிரியாவின் ரொட்டியில் உப்பு இருக்காது. முதல் நாள் கடித்துவிட்டுப் பழையது போலிருக்கிறது என்று நினைத்தேன். சிஞ்ஞோரா காரணம் சொன்னார்: 1540இல் போப் மூன்றாம் பவுல் உப்பு வரியை ஏற்ற, பெரூஜாக்காரர்கள் எதிர்த்துச் சண்டை போட்டுத் தோற்றார்கள், அன்றிலிருந்து கோபத்தில் உப்பில்லாமல் ரொட்டி சுடுகிறார்கள். சண்டை நடந்தது உண்மை. ரொட்டிக் கதையை வரலாற்றுக்காரர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் சிஞ்ஞோரா போன வாரம் நடந்ததுபோல் சொன்னார், உப்புக்குக் கடற்கரைவரை நடந்த நாட்டிலிருந்து வந்தவள் நான், மறுக்கத் தோன்றவில்லை. ஜெயித்த போப், எதிர்த்த குடும்பத்தின் வீடுகள் மேலேயே ரொக்கா பவுலீனா கோட்டையைக் கட்டினார். இன்று அந்தக் கோட்டையின் வயிற்றுக்குள் எஸ்கலேட்டர் ஓடுகிறது. பார்த்திஜானி சதுக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அதில் ஏறினால், புதைந்துபோன தெருக்கள், வீட்டு வாசல்கள் வழியே மேலே மைய வீதிக்கு வந்துவிடலாம். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பதை நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தேன். சிஞ்ஞோரா ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து, உப்பு நிறையப் போட்ட பன்றி இறைச்சியை மேலே வைத்து நீட்டினார். சைவம் என்று அதுவரை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதையும் ‘போதும்’ போல முதல் வாரமே கற்றுக்கொள்ள வேண்டும்.

பரீட்சை பற்றிச் சுருக்கமாக: பெரும்பாலும் வாய்மொழி. நாலு பேர் பார்க்க பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். மார்க் 30க்கு, 18 வந்தால் பாஸ். மார்க்கைச் சொல்லிவிட்டு ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் மறுபடி பரீட்சைக்கு வரலாம். இது சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்து நான் நம் ஊர்த் தலையாட்டலை ஆட்டினேன். அவருக்கு அது ஆமாவா இல்லையா என்று விளங்கவில்லை, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். ‘அச்செத்தோ’, ஏற்கிறேன், வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுத் தோழி சிசிலித் தீவில் இருக்கும் தன் ஊரான பலெர்மோவுக்குக் கூப்பிட்டாள். “என் ஸ்கூல்ல பக்கத்து பெஞ்ச் பொண்ணு தமிழ்தான்” என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. ரோமிலிருந்து இரவு ரயில். வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளையே பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றி, மெஸ்ஸீனாவில் இறக்கிக் கோக்கிறார்கள். தாத்தா சொல்லும் தனுஷ்கோடி போட் மெயிலில்கூட ஆள்தான் இறங்கிக் கப்பல் ஏற வேண்டும். பலெர்மோவில் பல்லரோ சந்தைப் பக்கம் போனால் உண்மையிலேயே தமிழ்ப் பெயர்ப்பலகை, முருங்கைக்காய், கறிவேப்பிலை. போருக்குத் தப்பி 1980களிலிருந்து வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள். ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொஸாலியாவைக் கும்பிட பெல்லெக்ரீனோ மலை ஏறும் சைவ சமயக் குடும்பங்கள் நிறைய என்று தோழி சொன்னாள்.

ஒரு கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு நிற்கிறேன். கல்லாவில் அப்பாவோடு பத்து வயதுப் பெண் ஒருத்தி. நான் தோழியிடம் இத்தாலியனில் ஏதோ நீளமாகப் பேசி முடிக்க, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்கள் ஏன் இங்கிலீஷ்காரர் மாதிரி இத்தாலியன் கதைக்கிறீங்கள்?”

“பிள்ளை, மரியாதையாக் கதை” என்றார் அப்பா.

“இல்லை அப்பா. எல்லா வசனத்துக்கும் முன்னால ‘இயோ, இயோ’ எண்டு சொல்லுறா. ‘வந்தனான்’ எண்டு சொல்லேக்க ஆர் எண்டு விளங்கும்தானே. பிறகு ஏன் ‘நான்’ எண்டு தனியா?”

இரண்டு மாதமாக ஆங்கிலத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டதாக நினைத்திருந்தேன். ‘இயோ’ பின்வாசலில் உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் டீச்சரும் சொல்லித்தான் இருந்தார், வினைச்சொல்லின் விகுதியே போதும், ‘நான்’ வேண்டாம் என்று. அதைத் தமிழோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

கறிவேப்பிலைக்குக் காசு கொடுத்துவிட்டு, அவளுக்குக் காட்டவே, ‘இயோ’ இல்லாமல் “வாதோ” என்றேன். போறேன்.

“தமிழில அப்பிடிச் சொல்லக் கூடாது அக்கா” என்றாள். “போட்டு வாறன் எண்டு சொல்லோணும்.”